தங்கச்சி பக்கத்துக்குச் சுழி இல்லை

மொபெட்டை வாசல் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், நைனா போட்ட நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. காபி போடட்டுமா என்று கேட்டதற்கும், "வாணாம்மா, இப்பதான் ஆச்சு" என்றார்.

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். தென்னேரியிலிருந்து எங்கள் திருப்புலிவனம் வரைக்கும் மொபெட்டில் வந்த மனிதர் பச்சைத் தண்ணீரைக்கூட வாயில் ஊற்றவில்லை. சம்பந்தி வீட்டு ஆள் இப்படி உட்கார்ந்தால் வந்த சேதி நல்லதில்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா சொம்பை எடுக்கவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் அங்கேயே நின்றாள்.

அவர் என் தங்கை வசந்தாவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். சட்டைப் பையிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. விரித்து நைனாவிடம் நீட்டினார்.

"இந்தாண்ட பக்கம் பாருங்க. பெரிய பொண்ணு கல்யாணம். மேல சுழி கீது, சாமி பேரு கீது. இப்ப அந்தாண்ட பாருங்க. சின்ன பொண்ணு கல்யாணம். இன்னா கீது மேல?"

நைனா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் இல்லை. வெள்ளையாக ஓர் இடம்.

"கருமாதி பத்திரிகைக்குத்தான் சுழி போட மாட்டாங்க" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா கேட்டுக்கினு வர சொல்லிச்சு. எம் புள்ள கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு சுழி போடலன்னு கேளு, பதில் வந்தப்பறம் பந்தக்கால் நடலாம்னு சொல்லிச்சு."

நைனா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். ஏனென்றால் அந்தப் பத்திரிகையைத் தயார் செய்தவள் நான். இடது பக்கத்தில் சுழியோடு கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெரிய பெண்ணும் நான்தான்.

போன வாரம் தாண்டிப்போன இடம்

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தை ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிட்டேன். வார இதழ் கடைக்கு வந்த அன்றே வசந்தா போன் செய்தாள். "பத்திரிகை கதைய இன்னாத்துக்கு உட்டுட்ட? வெக்கமா?" என்றாள். ஆமாம், வெட்கம்தான். தலையில் பாதி நரைத்துப்போன பிறகும் அந்த மஞ்சள் தடவிய அட்டையை நினைத்தால் காது சூடாகிறது. அவளே கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அது புரியாமல் இந்தக் கதை புரியாது.

எண்பதுகளின் பின்பாதி. சென்னையில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் நான் இருந்தேன். ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வருவேன். எங்கள் தெருவில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். "கம்ப்யூட்டர் பொண்ணு" என்றுதான் பெயர். அந்தப் பெயரை நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. இன்றைக்குப் போல அச்சில் வரப்போவது அப்படியே திரையில் தெரியாது. புத்தகத்தின் எழுத்துகளோடு கூடவே கட்டளைகளையும் தட்ட வேண்டும். இது தலைப்பு, இது பத்தி, இங்கே இடம் விடு என்று. அதற்கென்று ஒரு மொழி இருந்தது. அதில் எனக்குப் பிடித்த வேலை பக்க வரிசைக்கு விதி எழுதுவது.

முதல் பக்கம் வந்தால் இப்படி, வலது பக்கம் வந்தால் இப்படி, இடது பக்கம் வந்தால் இப்படி, வெற்றுப் பக்கம் வந்தால் நம்பர் போடாதே. இப்படி எல்லாவற்றையும் ஒரு தடவை மேலே எழுதி வைத்துவிட்டால் போதும். புத்தகம் எத்தனை பெரியதாக இருந்தாலும் மெஷின் அந்த விதியைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தைப் போட்டுக்கொண்டே போகும். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வரிசையில் அது எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு தடவை சொன்னால் மறக்காது, எதிர்த்துப் பேசாது. நம் வீட்டு ஆட்கள் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே பந்தல், ரெண்டு கல்யாணம்

எனக்குக் காஞ்சிபுரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரையும், வசந்தாவுக்குத் தென்னேரியில் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையையும் பேசி முடித்திருந்தார்கள். ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் இரண்டையும் முடித்துவிடுவது என்று ஏற்பாடு. பத்திரிகையும் ஒன்றே. குத்துவிளக்குப் படம் போட்ட அட்டை ரெடிமேடாகக் கிடைக்கும். விரித்தால் இடது பக்கம் என் கல்யாணம், வலது பக்கம் அவள் கல்யாணம்.

உத்திரமேரூரில் வழக்கமாகக் கொடுக்கும் அச்சகத்தில் கொடுத்துவிடலாம் என்றார் நைனா. நான் விடவில்லை. அப்போதுதான் எங்கள் ஆபீசுக்குத் தமிழ் எழுத்து வந்திருந்தது. மேனேஜரைக் கேட்டு, லீவு நாளில் உட்கார்ந்து நானே அமைத்தேன். அமைத்த பக்கத்தை அச்சுக்கான ஃபிலிமாக எடுத்துக் கொடுத்துவிட்டால் அச்சகத்தில் அடித்து மடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கிளம்பும்போது நைனா ஒன்று மட்டும் சொன்னார்.

"சுழிய மறந்துடாதம்மா."

"அத நான் போட வேணாம் நைனா. மொதல்லயே சொல்லி வெச்சுட்டா அதுவா போட்டுக்கும்."

"அதுவாவா?"

"அதுவாதான்."

அவர் முகத்தில் இருந்த பெருமை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் தானாகவே பிள்ளையார் சுழி போடுகிறதாம்.

நான் எழுதிய விதி இதுதான். முதல் பக்கம்: மேலே நடுவில் சுழி, அதன் கீழே குலதெய்வத்தின் பெயர், துணை. மற்ற பக்கங்கள்: மேலே கொஞ்சம் இடம், வேறு எதுவும் வேண்டாம்.

புத்தகத்துக்கு அது சரியான விதி. சுழியைத் தொடக்கத்தில்தானே போடுவோம், பக்கத்துக்குப் பக்கமா போடுவோம்? எனக்குப் புத்தகம் பழகிப்போயிருந்தது. மெஷின் வந்தது, முதல் பக்கத்தைப் பார்த்தது, என் பெயருக்கு மேலே சுழி போட்டது. அடுத்த பக்கத்துக்கு வந்தது. அது முதல் பக்கம் இல்லை. இடம் விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஃபிலிம் கைக்கு வந்தபோது சரி பார்த்தேன். பெயர்கள், நட்சத்திரம், முகூர்த்த நேரம் எல்லாம் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். என் பக்கத்தின் மேலே அந்தச் சுழி அவ்வளவு அழகாக, நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வசந்தாவின் பக்கத்தில் எழுத்தைப் பார்த்தேன், மேலே பார்க்கவில்லை.

வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை. கட்டுக் கட்டாக மடித்து வந்ததை அம்மா விரிக்காமலே மூலைகளில் மஞ்சள் தடவினாள். விரித்த ஒன்றிரண்டு பேரும் இடது பக்கத்துச் சுழியைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். நைனா தட்டில் வெற்றிலை பாக்கோடு தென்னேரிக்குக் கொண்டுபோய் அவர்கள் பங்குக் கட்டையும் கொடுத்துவிட்டு வந்தார்.

மேலே பெயர், கீழே பெயர்

மொபெட் போன பிறகு அம்மாதான் முதலில் பேசினாள்.

"உனுக்கு மட்டும் போட்டுக்கினியேடி."

நான் விதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பக்கம், மற்ற பக்கம். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சொல்லச் சொல்ல அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

வசந்தா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் வீட்டில் எதுவும் எனக்குத்தான் முதலில் வரும். தீபாவளிக்கு எனக்குப் புதுப் பாவாடை, போன வருஷத்துப் பாவாடையை மடித்துத் தைத்து அவளுக்கு. பள்ளிக்கூடப் புத்தகமும் அப்படித்தான். புதுப் புத்தகம் வந்ததும் நான் முதல் பக்கத்தில் சுழி போட்டு என் பெயரை எழுதுவேன். வகுப்பு முடிந்ததும் அது அவளிடம் போகும். அவள் என் பெயரை அடிக்க மாட்டாள். அதற்குக் கீழே சின்னதாகத் தன் பெயரை எழுதிக்கொள்வாள்.

அப்புறம் நான் காலேஜுக்குப் போக வேண்டும் என்றபோது, அவள் பத்தாவதோடு நின்றாள். இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது என்று நைனா சொன்னார். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, அவளாகத்தான் நின்றாள் என்று நான் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களும் தலையாட்டினார்கள்.

"நைனா, நானும் தென்னேரிக்கு வரேன்" என்றேன்.

"கல்யாணப் பொண்ணு எங்கியும் போகக் கூடாதும்மா."

"இன்னும் நலங்கு வெக்கலயே."

நைனா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

தென்னேரி

வாலாஜாபாத்தில் பஸ் மாறிப் போனோம். ஏரி நிறைந்திருந்தது. கரையோரம் நடந்து போனோம். தெருவில் நான்கு பேரிடம் பெருமையடித்த மனிதர் தலை குனிந்து முன்னால் நடக்க, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா நடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் "வாங்க" என்றார். பாய் போட்டார். பத்திரிகையை எடுத்து எதிரில் வைத்தார்.

நைனா வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன். மெஷின், விதி, முதல் பக்கம், மற்ற பக்கம். வேண்டுமென்று செய்ததில்லை அத்தை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எம் புள்ள கல்யாணம் ரெண்டாம் பக்கமா?"

நான் எதிரில் இருந்த பத்திரிகையைப் பார்த்தேன்.

"எனுக்குப் படிக்கத் தெரியாதும்மா. பத்திரிகை வந்தா மஞ்சள் கீதா, சுழி கீதான்னு பாப்பேன். அவ்வளவுதான் எனுக்குத் தெரியும்." அவர் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. மீசை அரும்பிய பையன். "எம் பெரிய புள்ள. ஏரில போய்ட்டான். எங்க வூட்டுப் பேர் போட்டுக் கடசியா அச்சடிச்சது அவனோட பத்திரிகதான். அதுல சுழி இல்ல. அதுக்கப்பறம் இது வருது. பிரிச்சுப் பாக்கறேன், எம் புள்ள பக்கத்துல மேல ஒண்ணுமில்ல."

நைனா கையைக் கூப்பினார். "தப்பாய்ப்போச்சு சம்பந்தி" என்றார். அவர் யாரிடமும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் நான் பட்ட அவமானங்களில் எதுவும் அந்தக் கும்பிடுக்குப் பக்கத்தில் வராது.

அந்த அம்மா பத்திரிகையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என்னிடம், "பேனா கீதா?" என்றார்.

கம்ப்யூட்டர் பெண்ணிடம் பேனா இல்லை. நைனாவின் சட்டைப் பையிலிருந்த மைப் பேனாவை வாங்கினேன்.

"போடு."

வசந்தாவின் பக்கத்தில் மேலே, நான் காலியாக விட்ட இடத்தில், சுழி போட்டேன். கொஞ்சம் கோணலாக வந்தது. அவர் பத்திரிகையைக் கையில் எடுத்துத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஊரு பூரா குடுத்துட்டேன். வா" என்று எழுந்தார்.

தெருத் தெருவாக

வீடு வீடாகப் போனோம். அவர் முன்னால், நான் பேனாவோடு பின்னால். கல்யாணத்துக்கு முன்னால் தங்கையின் புகுந்த வீட்டு ஊரில் நான் ஏன் தெருச் சுற்றுகிறேன் என்று எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

முதல் வீட்டில், "அச்சுல தப்பாய்ப்போச்சுங்க" என்றேன். வெளியே வந்ததும் அத்தை திரும்பினார்.

"அச்சடிச்சவன் இன்னா பண்ணான்? நீ எழுதனததான அடிச்சான்?"

அடுத்த வீட்டிலிருந்து, "நான் விட்டுட்டேன்" என்று சொன்னேன். முதல் தடவை வாயைவிட்டு வரவில்லை. சொல்லச் சொல்ல வந்தது, ஆனால் சுலபமாகவில்லை.

ஒரு வீட்டில் பத்திரிகையைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில், "கம்ப்யூட்டரே போட்டுக்கும்னு சொன்னாங்க, இப்ப பேனா எடுத்துக்கினு வந்துகீற?" என்று ஒரு பெண் சிரித்தாள். நைனாவின் பெருமை எங்களுக்கு முன்பே தென்னேரி போய்ச் சேர்ந்திருந்தது. நானும் சிரித்து வைத்தேன். உள்ளே செத்துக்கொண்டிருந்தேன்.

தெருக் கடைசியில் ஒரு கூரை வீடு. பத்திரிகையை வீட்டுக்குள்ளேயே எடுத்துப் போகவில்லை. வெளியே கூரையில் செருகி வைத்திருந்தார்கள். சாவுச் சேதி வந்த கடிதத்தை அப்படித்தான் உள்ளே சேர்க்காமல் வெளியிலேயே வைப்பார்கள். நான் எடுத்து, பிரித்து, சுழி போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அதைப் பார்த்த பிறகு அத்தையின் நடை தளர்ந்தது. "போதும், வா, சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டார். நைனா மோரை வாங்கிக் குடித்த பிறகுதான், கல்யாணம் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

பின்னால் ஆபீசுக்குத் திரும்பிய முதல் நாள், சும்மா அந்த ஃபைலைத் திறந்தேன். வசந்தாவின் பக்கத்துக்கு முன்னால், இங்கே புது வரிசை தொடங்குகிறது என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மெஷின் இரண்டு பக்கத்திலும் சுழி போட்டது. அவ்வளவு சின்ன வேலை. அந்த ஒரு வரி தோன்றவில்லை எனக்கு.

வசந்தாவின் பத்திரிகை

நாங்கள் வீடு திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். நைனா அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். வசந்தா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பத்திரிகைய எடுத்துக்கினு வா. சுழி போட்டுத் தரேன்" என்றேன். பேனா இன்னும் கையிலேயே இருந்தது.

"என்னுதுக்கு வாணாம்க்கா."

"கோவமா?"

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரிகையை எடுத்துவந்து காட்டினாள். அவள் பக்கத்தில் மேலே சுழி இருந்தது. கண் மையைத் தொட்டுப் போட்டது. அதன் கீழே, சின்ன எழுத்தில், குலதெய்வத்தின் பெயர், துணை.

"எப்ப போட்ட?"

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கே."

"அன்னிக்கே பாத்துட்டியா? இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?"

அவள் பத்திரிகையை மடித்தாள்.

"தெரிஞ்சுதான் உட்டுட்டன்னு நெனச்சேன்."

"வசந்தா, நான் போய் தெரிஞ்சு அப்படிப் பண்ணுவனா?"

"எப்பவும் உனுக்குப் போட்டுட்டு அப்பறம்தானக்கா எனுக்கு? இதுவும் அப்டின்னு நெனச்சுக்கினேன்." அவள் குரலில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், கொஞ்சம்கூட இல்லை.

தென்னேரியில் அத்தனை வாசலிலும் அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே வந்தது. அவள் என் கையைப் பிடித்து, பேனாவை விரல்களிலிருந்து பிரித்து எடுத்தாள். உள்ளங்கையெல்லாம் மை.

"போய் கையக் கழுவுக்கா" என்றாள். "காலைல நலங்கு. உனுக்குத்தான் மொதல்ல வெப்பாங்க."